கிளவுஸ் தூனெமன்: பசூன் தனிக்கலைஞர் ஒருவரின் இசைவாழ்வு – ஒரு மதிப்பீடு

கிளவுஸ் தூனெமன் (பிறப்பு: 1937, மக்டபுர்க், ஜெர்மனி) இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பசூன் என்னும் காற்றுக்கருவியைத் தனிக்கச்சேரிக் கருவியாக உலக அளவில் நிலைநிறுத்திய கலைஞர்களில் முதன்மையானவர். ஸெலென்கா, விவால்டி, மோட்சார்ட் ஆகியோரின் ஆக்கங்களை அவர் வாசித்த இசைப்பதிவுகள் இன்றும் மாணவர்களால் முன்மாதிரியாகக் கேட்கப்படுகின்றன. அவருடைய வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகத் தந்து, அவரது இசையின் சிறப்புகளையும் எல்லைகளையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியைப் பற்றி

பசூனை அறியாமல் அதன் தனிக்கலைஞர் ஒருவரின் இடத்தை அறிய முடியாது. மேப்பிள் மரத்தால் செய்யப்படும் இக்கருவியின் குழல் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுடையது. அது நடுவில் மடிக்கப்பட்டிருப்பதால் கருவியின் உயரம் பாதியளவே தெரியும். நம் நாதஸ்வரத்தின் சீவாளியைப் போலவே இதுவும் நாணல் தட்டையால் ஆன இரட்டை நாக்கைக் கொண்டு ஒலிப்பது. பெரும்பாலான பசூன் கலைஞர்கள் அந்த நாக்கைத் தாங்களே சீவிச் செய்துகொள்கிறார்கள். ஒரு நல்ல நாக்கு சில வாரங்களே உழைக்கும். ஆகவே ஒரு பசூன் கலைஞரின் நாளில் பாதி கத்தியோடும் பாதி கருவியோடும் கழிகிறது என்று சொல்வதுண்டு.

கருவியின் ஒலியெல்லை மூன்றரை ஸ்தாயி அளவுக்கு விரிந்தது. அடிச்சுரங்கள் கனத்தும், நடுச்சுரங்கள் மனிதக் குரலைப் போல மென்மையாகவும், உச்சச்சுரங்கள் நெருக்கிப் பிழிந்தது போலவும் ஒலிக்கும். இந்த மூன்று இயல்புகளையும் ஒரே குரலாக ஒலிக்கச் செய்வதுதான் கருவியின் பெரிய சவால். இன்று உலகில் பெரும்பாலும் வழங்குவது ஜெர்மானிய முறைப் பசூன். கார்ல் அல்மன்ரேடர், யோகான் ஆடம் ஹெக்கல் ஆகிய இருவரும் 1831இல் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்தது அது. பிரான்சில் வேறு விசையமைப்புக் கொண்ட பிரெஞ்சு முறைக் கருவி தனி மரபாக வாழ்ந்தது.

சிம்பொனி இசைக்குழுவில் பசூனின் வேலை பெரும்பாலும் அடித்தளம் போடுவது. தனியாகக் கேட்கும் இடங்களில் அது பல சமயம் நகைச்சுவைக்கு ஆளாகிறது. பால் டூக்காவின் ‘மந்திரவாதியின் சீடன்’ (1897) ஆக்கத்தில் உயிர்பெற்று நடக்கும் துடைப்பத்துக்கும், புரகோஃபியேவின் ‘பீட்டரும் ஓநாயும்’ (1936) கதையில் முணுமுணுக்கும் தாத்தாவுக்கும் பசூனே குரல் கொடுக்கிறது. இதனால் ‘இசைக்குழுவின் கோமாளி’ என்ற பட்டம் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஸ்டிராவின்ஸ்கி 1913இல் ‘வசந்தகாலச் சடங்கு’ ஆக்கத்தைப் பசூனின் உச்சச்சுரத்தில் தொடங்கி வேறொரு முகத்தைக் காட்டினார். ஆனாலும் பியானோவுக்கும் வயலினுக்கும் இருப்பது போன்ற தனிக்கலைஞர் என்ற தொழில் பசூனுக்கு எளிதில் வாய்க்கவில்லை. தூனெமனின் இசைவாழ்வு இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கத்தக்கது.

இசைப்பயிற்சியும் பணியும்

தூனெமன் முதலில் பியானோ மாணவர். பதினெட்டாம் வயதில்தான் பசூனுக்கு மாறினார். பெர்லினில் வில்லி ஃபுக்மனிடம் பயின்றார். 1960களிலும் 70களிலும் ஹாம்பர்க் நகரில் வடஜெர்மன் வானொலியின் சிம்பொனி இசைக்குழுவில் முதன்மைப் பசூன் கலைஞராகப் பணியாற்றினார். பின்னர் ஹனோவர், பெர்லின் இசைக்கல்லூரிகளிலும் மட்ரிட் நகரின் ரெய்னா சோஃபியா இசைப்பள்ளியிலும் கற்பித்தார்.

தாமதமாகத் தொடங்கியவர் என்பது இங்கே கவனிக்க வேண்டிய செய்தி. பியானோ மாணவன் இரு கைகளாலும் பல குரல்களை ஒரே நேரத்தில் கேட்டுப் பழகியவன். தூனெமனின் வாசிப்பில் தன் குரலை மட்டுமன்றி உடன் ஒலிக்கும் எல்லாக் குரல்களையும் கேட்டு இடம்விடும் குணம் தெளிவாகத் தெரிகிறது. அதற்குப் பியானோப் பயிற்சியும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

ஸெலென்கா: இரண்டு பதிவுகள்

தூனெமனின் சாதனையைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டிய இடம் யான் டிஸ்மாஸ் ஸெலென்காவின் ஆறு டிரியோ சொனாட்டாக்கள். ஸெலென்கா (1679–1745) பொஹீமியாவில் பிறந்து டிரெஸ்டன் அரசவையில் பணியாற்றியவர். அரசவை இசைக்குழுவில் அவர் வாசித்தது பாஸ் தந்திக்கருவி. 1720களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட இந்தச் சொனாட்டாக்களில் அது நன்கு வெளிப்படுகிறது. பரோக் கால டிரியோ சொனாட்டாவில் மேலே இரண்டு கருவிகள் பாடும். கீழே பாஸ் குரல் தாங்கும். ஸெலென்கா அந்தக் கீழ்க்குரலுக்கு உயிர் கொடுத்தார். இரண்டு ஓபோக்களுக்கு இணையாகப் பசூனும் கேள்வி கேட்கிறது, மறுக்கிறது, ஓடுகிறது. கடினத்தில் ஓபோவின் பகுதிக்குப் பசூனின் பகுதி சற்றும் குறைந்ததன்று.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதும் கவனிக்கப்படாதிருந்த இந்த ஆக்கங்கள் உலகின் காதில் விழக் காரணமானது 1970களின் தொடக்கத்தில் ஆர்க்கிவ் நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட பதிவு. ஹைன்ஸ் ஹோலிகர், மோரிஸ் பூர்க் இருவரும் ஓபோ, தூனெமன் பசூன், கிறிஸ்டியான் ஜக்கோத்தே ஹார்ப்சிகார்ட். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1997இல், ஹோலிகர், பூர்க், தூனெமன், ஜக்கோத்தே நால்வரும் மீண்டும் கூடி அதே ஆறு சொனாட்டாக்களை இசிஎம் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்கள். இம்முறை உடன் லூட் என்னும் தந்திக்கருவியும் சேர்ந்தது.

ஒரு கலைஞர் முப்பத்தைந்து வயதில் வாசித்ததையும் அறுபது வயதில் வாசித்ததையும் அருகருகே வைத்துக் கேட்கும் வாய்ப்பு அரிது. முதல் பதிவில் ஓட்டமே முதன்மை. புதிதாகக் கண்டெடுத்த பொருளைக் காட்டும் உற்சாகம் அதில் இருக்கிறது. ஐந்தாம் சொனாட்டாவை (எஃப் மேஜர்) எடுத்துக்கொள்வோம். மற்றவற்றின் நான்கு பகுதி அமைப்பை விட்டு, வேகம்–மெதுவு–வேகம் என்று கன்செர்ட்டோவைப் போல மூன்று பகுதிகளாக எழுதப்பட்டது இது. பசூனுக்கு நீண்ட ஓட்டங்கள் உண்டு. அவற்றைத் தூனெமன் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும்படி, ஆனால் துண்டாகாமல் வாசிக்கிறார். இரண்டாம் பதிவில் அதே ஓட்டங்கள் பேச்சை நெருங்குகின்றன. மூச்சு எடுக்கும் இடங்கள் வாக்கியத்தின் நிறுத்தக்குறிகளாகின்றன. வேகம் எப்போதும் காட்சிப்பொருளாக நிற்பதில்லை. மெதுவான பகுதிகளில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. முதல் பதிவில் அழகாக நீளும் ஒரு சுரம் இரண்டாவதில் எங்கே போகிறோம் என்று தெரிந்து நீளுகிறது.

எனது மதிப்பீட்டில் முதல் பதிவு வரலாற்று முக்கியத்துவம் உடையது. இரண்டாவது இசையளவில் ஆழமானது. மாணவர்கள் இரண்டையும் கேட்க வேண்டும். முதிர்ச்சி என்றால் என்ன என்பதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

விவால்டி: சிறப்பும் கேள்வியும்

விவால்டி பசூனுக்கு 39 கன்செர்ட்டோக்கள் எழுதினார். அவற்றில் இரண்டு முற்றுப்பெறாதவை. வயலினுக்கு அடுத்தபடியாக அவர் அதிகக் கன்செர்ட்டோக்கள் எழுதியது இக்கருவிக்கே. அவற்றின் கையெழுத்துப்படிகள் 1920களின் பிற்பகுதியில் டூரின் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தை வந்தடைந்த தொகுப்பில் உள்ளன. அதுவரை உலகம் இவற்றை அறிந்திருக்கவில்லை. தனிக்கலைஞர் வாசிக்க ஆக்கங்களே இல்லை என்று வருந்திய ஒரு கருவிக்கு இது புதையல்.

தூனெமன் இத்தாலியின் இ மூசிசி குழுவுடன் பிலிப்ஸ் நிறுவனத்துக்காக விவால்டியின் கன்செர்ட்டோக்களைப் பதிவு செய்தார். இப்பதிவுகளின் முதல் சிறப்பு ஒலியின் சமநிலை. அடிச்சுரத்திலிருந்து உச்சச்சுரத்துக்குத் தாவும்போதும் குரல் மாறுவதில்லை. விவால்டி பசூனை ஒரே நேரத்தில் இரண்டு பாத்திரங்களாக நடத்துவார்: கீழே தாளம் போடும் ஒரு குரல், மேலே பாடும் இன்னொரு குரல். தூனெமன் இவ்விரண்டையும் ஒருவரே பேசும் உரையாடலாக ஆக்குகிறார். மெதுவான பகுதிகளில் அவர் பாடகர். கோமாளி என்ற பழைய பட்டம் அங்கே முற்றிலும் உதிர்ந்துவிடுகிறது.

இதே சமநிலைதான் பின்னாளில் கேள்விக்கும் உள்ளானது. விவால்டி காலத்துப் பசூனில் விசைகள் மிகச் சில. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நிறம். சில சுரங்கள் மங்கும், சில கீறும். அந்தக் கரடுமுரடும் இசையின் பகுதியே என்பது பழங்கருவி இயக்கத்தினரின் வாதம். இவ்வாதத்தை வலுவாக ஒலித்துக்காட்டியவர் தூனெமனிடமே பயின்ற செர்ஜியோ அட்சோலினி என்பது சுவையான செய்தி. நயீவ் நிறுவனத்தின் விவால்டி வரிசையில் அவர் பரோக் பசூனில் வாசித்திருக்கும் கன்செர்ட்டோக்களில் நாடகம் அதிகம். திடீர் அமைதியும் திடீர் சினமும் உண்டு. அவற்றைக் கேட்டபின் குருவின் பதிவுகளைக் கேட்டால் சில இடங்கள் மிகவும் ஒழுங்காக, வழவழப்பாகத் தோன்றக்கூடும். இ மூசிசியின் தந்திகளும் அந்த வழவழப்புக்குத் துணைபோகின்றன.

இந்தக் குறையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காலவரிசையை மறக்கக் கூடாது. இந்தக் கருவியை முதலில் சிரிக்காமல் கேட்கச் செய்தாக வேண்டியிருந்தது. அதற்கு ஒழுங்கும் தூய்மையும் தேவைப்பட்டன. கேட்பவர்களின் மதிப்பு கிடைத்தபிறகே கரடுமுரட்டை அழகாகக் காட்டும் துணிவு அடுத்த தலைமுறைக்கு வந்தது. மாணவன் குருவிடமிருந்து விலகி நடந்த பாதையும் குரு போட்ட பாதைதான்.

மோட்சார்ட்

மோட்சார்ட் தம் பதினெட்டாம் வயதில், 1774இல், சால்ஸ்பர்க்கில் எழுதிய பி ஃபிளாட் மேஜர் கன்செர்ட்டோ (கே. 191) பசூன் உலகின் நுழைவாயில். இசைக்குழுக்களின் பணித்தேர்வுகளில் இதை வாசிக்காமல் எவரும் உள்ளே போக முடியாது. அதனாலேயே இது தேர்வுப்பாடமாகிச் சலித்துப்போகும் ஆபத்தும் உண்டு. நெவில் மரினர் நடத்திய அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் குழுவுடன் தூனெமன் செய்த பதிவில் அந்தச் சலிப்பு இல்லை. முதற்பகுதியின் பெரிய தாவல்களைப் பலர் வேடிக்கையாகவே வாசிப்பர். தூனெமன் அவற்றில் கம்பீரத்தைக் கேட்கிறார். இரண்டாம் பகுதியின் மெட்டு, மோட்சார்ட் பின்னாளில் ‘ஃபிகரோவின் திருமணம்’ ஓபராவில் பிரபுவின் மனைவிக்குத் தந்த பாடலை நினைவூட்டுவது. தூனெமன் அதை ஒரு பாடகியின் மூச்சளவில் வாசிக்கிறார். இசைக்குழுவோ அவரோ குரல் உயர்த்துவதில்லை.

இதே பண்பை ஆல்ஃபிரட் பிரெண்டல் (பியானோ), ஹோலிகர் ஆகியோருடன் அவர் வாசித்த மோட்சார்ட், பீத்தோவன் ஐவர் இசைப் பதிவிலும் கேட்கலாம். அங்கே பசூனுக்குக் கிடைக்கும் தனியிடங்கள் சில வரிகளே. அந்தச் சில வரிகளுக்குப் பின் அவர் உடனே பின்னால் ஒதுங்கிக்கொள்ளும் விதம் கவனிக்கத்தக்கது.

எல்லைகள்

ஒரு தனிக்கலைஞரை மதிப்பிட மூன்று அளவுகோல்கள் உண்டு: இருக்கும் ஆக்கங்களை எப்படி வாசித்தார், புதிய ஆக்கங்கள் பிறக்க எவ்வளவு காரணமானார், யாரை உருவாக்கினார்.

முதல் அளவுகோலில் தூனெமனுக்கு நிகர் வெகு சிலரே. இரண்டாவதில் அவருடைய பெயர் அவ்வளவு ஓங்கி ஒலிப்பதில்லை. அவருடைய புகழ் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டு இசையின் மீதே நிற்கிறது. ரஷ்யாவில் வலேரி பாப்போவுக்காக சோஃபியா குபைதூலினா 1975இல் பசூனும் தாழ்குரல் தந்திகளும் சேர்ந்த கன்செர்ட்டோவை எழுதினார். லூசியானோ பெரியோ பாஸ்கல் கல்வாவுக்காக 1995இல் ‘செக்வென்சா XII’ எழுதினார். அதே ஆண்டு ஜான் வில்லியம்ஸின் ‘ஐந்து புனித மரங்கள்’ நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் முதன்மைப் பசூன் கலைஞர் ஜூடித் லெக்ளேருக்காகப் பிறந்தது. இந்த மூன்று ஆக்கங்களும் கருவியின் எதிர்காலத்தைத் திறந்தன. தூனெமன் திறந்தது கடந்தகாலத்தை. இரண்டும் தேவையான பணிகளே. ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கருதக் கூடாது.

மூன்றாவது அளவுகோலில் அவருடைய இடம் மிக உயர்ந்தது. அட்சோலினியும், நார்வே நாட்டு டாக் யென்சனும் ஹனோவரில் அவரிடம் பயின்றவர்கள். இருவரும் தனிக்கலைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் அடுத்த தலைமுறையை உருவாக்கியவர்கள். இருவருடைய வாசிப்பும் ஒன்றையொன்று ஒத்ததில்லை, குருவையும் ஒத்ததில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு ஓர் ஆசிரியரை மதிப்பிட இதைவிட நல்ல சான்று தெரியாது. நகல்களை உருவாக்குவது எளிது. மாணவனின் குரலைக் கெடுக்காமல் அவனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுப்பது கடினம்.

மதிப்பீடு

தனிக்கலைஞர் என்ற சொல்லைக் கேட்டதும் மேடையின் முன்னால் தனியே நிற்பவரையே நினைக்கிறோம். தூனெமனின் சிறந்த பதிவுகளில் அவர் தனியே நிற்கவில்லை. இரண்டு ஓபோக்களுக்கு நடுவிலும், இ மூசிசியின் தந்திகளுக்கு நடுவிலும் நின்றார். இசைக்குழுவின் அடித்தளத்தில் பல ஆண்டுகள் இருந்து பெற்ற காதை அவர் முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். தாங்கும் குரலுக்கும் சொல்ல ஒரு செய்தி உண்டு என்று ஸெலென்கா எழுதிவைத்ததை நம் காலத்துக்கு ஒலியாக்கித் தந்தவர் என்பதே அவருடைய நிலையான இடம்.

புதிதாகக் கேட்க விரும்பும் மாணவர்கள் மோட்சார்ட் கன்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியில் தொடங்கலாம். அடுத்து விவால்டியின் ஏதேனும் ஒரு கன்செர்ட்டோவைத் தூனெமன் வாசிப்பிலும் அட்சோலினி வாசிப்பிலும் ஒப்பிட்டுக் கேட்கலாம். அதன்பின் ஸெலென்காவின் ஐந்தாம் சொனாட்டாவின் இரண்டு பதிவுகள். முதல்முறை ஓபோக்களைப் பின்தொடருங்கள். இரண்டாம்முறை பசூனை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது முறை கேட்கும் இசை வேறாக இருக்கும்.