நான்கு வாக்கியங்களும் ஒரு சம்பளப் பட்டியலும்

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் ஒரு போலீஸ்காரரின் முழங்காலுக்கடியில் உயிரிழந்தார். அடுத்த சில நாட்களில் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களும் கலை அமைப்புகளும் வரிசையாக அறிக்கை விட்டன. சிகாகோவின் கவிதை அமைப்பான போயட்ரி ஃபவுண்டேஷனும் விட்டது. மொத்தம் நான்கே வாக்கியங்கள். கறுப்பின மக்களோடு நிற்பதாகச் சொன்ன அந்த அறிக்கையில், என்ன செய்யப்போகிறார்கள் என்பது இல்லை. 2002-இல் ரூத் லில்லி தந்த பெருங்கொடையால் செழித்த அமைப்பு அது. சொல்லின் எடை தெரிந்த கவிஞர்கள் இதைச் சும்மா விடவில்லை. அவர்களின் பகிரங்கக் கடிதத்தில் சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அமைப்பின் தலைவரும் அறங்காவலர் குழுத் தலைவரும் பதவி விலகினர்.

அறிக்கைகள் எல்லாமே வேஷம்தானா? அப்படித் தள்ளிவிடுவது அவசரம். அந்த நான்கு வாக்கியங்கள் இல்லாதிருந்தால் கவிஞர்களுக்குக் கேள்வி கேட்கப் பிடி கிடைத்திருக்காது. அறிக்கை ஒரு கடன் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் மறந்தாலும், கையில் வைத்திருப்பவர் வசூலுக்கு வரலாம். பத்திரம் எழுதியதையே கடன் அடைத்ததாக எண்ணிக்கொள்ளும்போதுதான் சிக்கல். ஜூன் 2 அன்று இன்ஸ்டாகிராமில் ஆதரவைக் காட்டும் கறுப்புச் சதுரங்கள் குவிந்தன. பலர் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ ஹேஷ்டேக்கையும் சேர்த்துப் போட்டதால், போராட்டக்காரர்கள் பகிர்ந்த தகவல்கள் அவற்றுக்கடியில் புதைந்தன. ஆதரவே இடைஞ்சலாகிவிட்டது.

அதே ஆண்டு ஜூலையில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பின் இந்நாள், முன்னாள் ஊழியர்கள் சுமார் ஆயிரம் பேர், தங்கள் அமைப்புக்குள்ளேயே இனவெறி வேரோடியிருப்பதாகக் கடிதம் எழுதினர். 1999-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அமைப்பு அது. ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டிலேயே வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். முடிவெடுக்கும் மையங்களோ நெடுங்காலம் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஜெனீவா, ஆம்ஸ்டர்டாம், பார்சிலோனா ஆகிய ஐந்து ஐரோப்பிய நகரங்களிலேயே இருந்தன. ஒரே வார்டில் நோயாளியைப் பார்க்கும் இருவரில் வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு ஒரு சம்பள விதி, உள்ளூர்க்காரருக்கு வேறு. முன்னவர் சில மாதங்களில் ஊர் திரும்புவார். பின்னவர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து, புதிதாக வரும் அடுத்த மேலாளருக்கும் வேலையைப் புரியவைப்பார். இந்த ஏற்பாட்டில் எவர் மனத்திலும் வெறுப்பு இருக்க வேண்டியதில்லை. பாகுபாடு காட்டும் வேலையைச் சம்பளப் பட்டியலே செய்துவிடும்.

அமைப்பு குற்றச்சாட்டை மூடி மறைக்காமல், தன் முன்னேற்றம் போதாது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் ஆறாவது செயல்பாட்டு மையமும் உருவானது. அதற்கான முயற்சி அந்தக் கடிதத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. ஆனால், ஆறில் ஒன்று மட்டும் ஐரோப்பாவுக்கு வெளியே அமைந்ததைச் சமத்துவம் என்று சொல்லிவிட முடியாது.

நிறுவனங்கள் நடத்தும் இனவெறி எதிர்ப்புப் பயிலரங்குகளையும் இதே தராசில்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். அவை மௌனத்தைக் கலைத்து, கூச்சமின்றிப் பேசக் கற்றுத்தருகின்றன; அது லாபம். ஆனால், சரியான சொற்களை மனப்பாடம் செய்தவர் நல்லவர், தடுமாறியவர் கெட்டவர் என்றாகும்போது அங்கேயும் ஒரு நாடகம் தொடங்கிவிடுகிறது. பட்ஜெட்டோ அதிகாரமோ இல்லாமல் நியமிக்கப்படும் சமத்துவ அதிகாரியும் அந்த நாடகத்தில் ஒரு பாத்திரமே.

ஆகவே, நன்கொடை தருபவர்கள் அறிக்கையைப் படித்ததோடு நின்றுவிட வேண்டாம். அடுத்த ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள்: யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் கையெழுத்துக்குப் பணம் நகர்கிறது, புகார் கொடுத்தவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா? இவற்றுக்குப் பதில் தராத அமைப்பின் அறிக்கை இன்னும் வசூலாகாத பத்திரம்தான்.