உயிர்த்தெழுதலும் இறுதித் தீர்ப்பும்: குல்மனின் நூலைக் குறித்து ஒரு திறனாய்வு

ஆஸ்கர் குல்மன் (1902–1999) 1955ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய இங்கர்சால் சொற்பொழிவு, 1958இல் 'ஆத்துமாவின் அழியாமையா, மரித்தோரின் உயிர்த்தெழுதலா?' என்னும் பொருள்பட்ட தலைப்போடு ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. மனிதனின் அழியாமையைக் குறித்துப் பேசுவதற்கென்றே நிறுவப்பட்ட சொற்பொழிவு அது. அம்மேடையில் நின்றே, ஆத்துமா இயல்பாகவே அழியாதது என்னும் போதனை புதிய ஏற்பாட்டின் போதனை அன்று என அவர் எடுத்துரைத்தார். நான்கே அதிகாரங்கள் கொண்ட இச்சிறு நூல் பலருடைய பாராட்டையும் பலருடைய சினத்தையும் ஒருங்கே பெற்றது. இறுதிக்கால இயலைக் கற்கும் மாணவர் இன்றும் அதைக் கடந்து செல்ல இயலாது. ஆதலின் அதன் பலத்தையும் குறையையும் நிறுத்துப் பார்ப்பது நமக்குத் தகும்.

1. நூலின் வாதம்

குல்மன் இரு மரணங்களை எதிரெதிரே வைக்கிறார். ஒன்று, 'பைதோ' என்னும் உரையாடலில் பிளேட்டோ காட்டும் சாக்ரடீசின் மரணம். அமைதியோடு நஞ்சுக் கிண்ணத்தை ஏற்கும் அந்த ஞானிக்கு மரணம் ஒரு நண்பன். உடலாகிய சிறையினின்று ஆத்துமாவை விடுவிக்கும் வாயில். மற்றொன்று இயேசுவின் மரணம். கெத்சமனேயில் அவர் வியாகுலப்படுகிறார். சீஷர் தம்மோடு விழித்திருக்க விரும்புகிறார். சிலுவையில் கைவிடப்பட்டவராய்க் கதறுகிறார். அவருக்கு மரணம் தேவனுடைய சத்துரு. பவுலும் 1 கொரிந்தியர் 15இல் மரணத்தை அவ்வாறே கருதுகிறார்.

இதிலிருந்து குல்மன் பெறும் முடிவுகள் தெளிவானவை. சரீரமும் ஆத்துமாவும் ஆகிய இரண்டுமே தேவனுடைய சிருஷ்டிப்பு, சரீரம் இழிந்ததன்று. பவுல் கூறும் மாம்சமும் ஆவியும் மனிதனின் இரு பகுதிகள் அல்ல. அவனை ஆட்கொள்ளும் இரு வல்லமைகள். மரணம் முழு மனிதனையும் தாக்குவதால், மரணத்திற்குப் பின்வரும் வாழ்வு ஆத்துமாவின் இயல்பினால் வருவதன்று. தேவனுடைய புதிய படைப்புச் செயலால் வருவது. கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்த முதற்பேறானவர். அவருக்குள் மரித்தோர் 'நித்திரை' என்னும் இடைநிலையில் அவருக்கு அருகில் இருந்து, தங்கள் சரீரத்தின் மீட்பிற்காகக் காத்திருக்கின்றனர்.

இவ்வாதத்தின் பயன் பெரிது. மரணத்தை மெல்லிய வார்த்தைகளால் மூடி மறைக்கும் பிரசங்கத்தை அது கண்டிக்கிறது. ஈஸ்டர் பண்டிகையை, அழியாத ஆத்துமாவிற்கு ஓர் உதாரணமாகச் சுருக்கிவிடாதபடி காக்கிறது. இதற்காகத் திருச்சபை குல்மனுக்குக் கடன்பட்டுள்ளது.

2. எதிர்நிலை அத்துணை நேர்த்தியானதா?

எனினும் கிரேக்கம், எபிரெயம் என அவர் வகுக்கும் எல்லைக்கோடு வரலாற்றில் அவ்வளவு நேராக ஓடவில்லை. இரண்டாம் தேவாலயக் காலத்து யூத நூல்களே இதற்குச் சான்று. 2 மக்கபேயர் 7ஆம் அதிகாரத்தில் ஏழு சகோதரர் தங்கள் உறுப்புகளைத் தேவனிடமிருந்து மீண்டும் பெறுவோம் என்னும் நம்பிக்கையோடு மடிகின்றனர். அதே சகோதரரின் சாட்சியை 4 மக்கபேயர் நூல் மீண்டும் கூறும்போது, சரீர எழுதலுக்குப் பதிலாக ஆத்துமாவின் அழியாமையைப் பற்றிப் பேசுகிறது. சாலொமோனின் ஞானநூல் நீதிமான்களின் ஆத்துமாக்கள் தேவனுடைய கையில் உள்ளன என்கிறது. ஏனோக்கின் முதல் நூல் 22ஆம் அதிகாரமோ, மரித்தோரின் ஆவிகள் தீர்ப்பு நாள்வரை தனித்தனி இடங்களில் வைக்கப்பட்டிருப்பதை விவரிக்கிறது.

ஜார்ஜ் நிக்கல்ஸ்பர்க் 1972இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இப்பன்மையை எடுத்துக்காட்டினார். ஜேம்ஸ் பார் 1992இல் ஏதேன் தோட்டத்தைக் குறித்து எழுதிய நூலில், அழியாமை என்னும் நாட்டம் முற்றிலும் கிரேக்கருடையது என்பதை மறுத்தார். என். டி. ரைட் 2003இல் வெளியிட்ட பெருநூல் உயிர்த்தெழுதலின் சரீரத்தன்மையைக் குல்மனைப்போலவே வலியுறுத்துகிறது; ஆயினும் அதை நம்பிய யூதர் ஓர் இடைநிலை வாழ்வையும் இயல்பாகவே ஏற்றனர் என்று காட்டுகிறது. ஆகவே 'இதுவா, அதுவா?' என்னும் வினாவே சற்றுக் குறுகியது எனலாம்.

3. விடுபட்ட பொருள்

நம்முடைய முதன்மையான குறை வேறொன்று. இந்நான்கு அதிகாரங்களில் இறுதித் தீர்ப்பிற்கென ஓர் அதிகாரம் இல்லை. இது தற்செயலாக நேர்ந்த இடைவெளியன்று. வினா எழுப்பப்பட்ட முறையிலேயே விளைந்தது. மனிதன் எவற்றால் ஆனவன், அவற்றுள் எது நிலைக்கும் என்பதே குல்மனின் தொடக்க வினா. ஆனால் உயிர்த்தெழுதலின் நம்பிக்கை இஸ்ரவேலில் தெளிவாக ஒலித்தபோது எழுந்த வினா அதுவன்று. கி.மு. 167இல் தொடங்கிய அந்தியோகஸ் எப்பிபானேசின் கொடுமையில், நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டவர்கள் அதன் காரணமாகவே கொல்லப்பட்டனர். அதைக் கைவிட்டவர்கள் பிழைத்துக்கொண்டனர். அப்படியானால் தேவனுடைய நீதி எங்கே? தானியேல் 12 இவ்வினாவிற்கு விடை கூறுகிறது. அங்கே எழுதல் என்பது வழக்கு மீண்டும் எடுக்கப்படுதல். கொலையுண்டவன் நீதிமானென்று அறிவிக்கப்படுதல். 2 மக்கபேயரும் 4 மக்கபேயரும் மொழியால் வேறுபட்டாலும் இவ்வினாவில் ஒன்றுபடுகின்றன.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 'பைதோ' உரையாடலின் இறுதியிலேயே பிளேட்டோ ஆத்துமாக்கள் பெறும் தீர்ப்பைக் கதையாக விவரிக்கிறார். எனவே தீர்ப்பு என்னும் கருத்து மட்டுமே கிறிஸ்தவத்தைக் கிரேக்கத்தினின்று பிரிப்பதன்று. தீர்ப்பளிப்பவர் யார் என்பதிலும், எது தீர்ப்பிற்கு வருகிறது என்பதிலுமே வேறுபாடு உள்ளது. அப்போஸ்தலர் 17இல் பவுல் அத்தேனே பட்டணத்தாரிடம், தேவன் குறித்த நாளையும், அவர் நியமித்த மனிதரையும், அம்மனிதரை அவர் எழுப்பியதையும் ஒரே மூச்சில் இணைக்கிறார். எழுப்பப்பட்டவரே நியாயாதிபதி. 2 கொரிந்தியர் 5:10இல், சரீரத்தில் செய்தவற்றிற்கே கணக்குக் கேட்கப்படுகிறது. உழைத்ததும் அடித்ததும் அடிபட்டதும் சரீரமே. சரீரமின்றி வரும் தீர்ப்பு, நடந்தவற்றை நடவாதவைபோல் விட்டுவிடும்.

4. இடைநிலையைக் குறித்த இடர்ப்பாடு

தீர்ப்பை ஒதுக்கியதால் குல்மனின் நான்காம் அதிகாரமும் இடர்ப்படுகிறது. முழு மனிதனும் மரிக்கிறான் எனில், நித்திரையில் இருப்பது யார்? பரிசுத்த ஆவியானவரால் ஏற்கெனவே உயிர்ப்பிக்கப்பட்ட உள்ளான மனிதன் என்கிறார் குல்மன். இது ஆத்துமாவின் இயல்பன்று, ஆவியானவரின் ஈவு என அவர் காட்டும் வேறுபாடு நியாயமானதே. ஆனால் அவ்விடை விசுவாசிகளுக்கு மட்டுமே பொருந்தும். யோவான் 5:28-29உம் அப்போஸ்தலர் 24:15உம் நீதிமான்களும் அநீதிமான்களும் எழுவதைக் கூறுகின்றன. ஆவியானவரைப் பெறாதவன், தானாகவே தீர்ப்பில் நிற்பது எங்ஙனம்? மரித்த ஒருவனும் எழுகின்ற ஒருவனும் அதே ஆள் என்பதற்கு, ஆத்துமாவின் அழியாமையையன்றி, எவரையும் மறவாத தேவனுடைய நினைவையும் நீதியையுமே நாம் ஆதாரமாகக் கொள்ளவேண்டும். தீர்ப்பைச் சேர்த்துக்கொண்டால் குல்மனின் சொந்த வாதமே அதிக உறுதி பெறும்.

5. நமது ஊழியத்தில்

தமிழ்த் திருச்சபையில் இவ்வினா கல்லூரி வகுப்போடு நின்றுவிடுவதில்லை. 'ஆத்துமா' என்னும் சொல் நம் மண்ணில் வெறுமையாக வரவில்லை. வேதாந்தத்தில் ஆத்மா பிறப்பும் இறப்பும் அற்றது. சைவ சித்தாந்தத்தில் உயிர் அநாதி. அடக்க ஆராதனையில் 'ஆத்துமா அழியாது' என்று மட்டும் சொல்லி அமையும் ஆயர், படைக்கப்படாத ஒன்றைப் பற்றிப் பேசுவதாகவே பலர் செவியில் விழும். நம் மரண அறிவிப்புகள் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்கின்றன. கல்லறையருகே நிகழும் பிரசங்கமோ பல வேளைகளில் எழுதலைக் கூறாமலே முடிகிறது. நித்திரை என்றால் விழிப்பு உண்டு என்பதைச் சொல்லவேண்டியவர் நாமே.

அவ்வாறே தீர்ப்பைக் குறித்தும் இரு தவறுகள் நேர்கின்றன. சிலர் அதைப் பயமுறுத்தும் கருவியாக்குகின்றனர். அதனால் வெறுப்புற்ற வேறு சிலர் அதைப் பேசுவதையே விட்டனர். இரு சாராரும் அநீதியாய் மாண்டவனின் வீட்டாரை மறந்துவிடுகின்றனர். கூலி மறுக்கப்பட்டு மாண்டவனுக்கும், சாட்சியில்லை என்று வழக்குத் தள்ளப்பட்ட பெண்ணுக்கும், தீர்ப்பு நாள் உண்டு என்பது நற்செய்தி. அவர்களை ஒடுக்கியவனுக்கோ அது மனந்திரும்புதலுக்கான அழைப்பு. நியாயாசனத்தில் வீற்றிருப்பவர் தாமே அநீதியான தீர்ப்பினால் சிலுவையில் அறையப்பட்டவர் ஆதலின், இவ்விரண்டையும் ஒரே பிரசங்கத்தில் கூற நமக்குத் துணிவு உண்டு.

மாணவர்கள் குல்மனின் நூலைக் கட்டாயம் படிக்கவேண்டும். அவரோடு சேர்ந்து மரணத்தைச் சத்துரு என்று அறிக்கையிடவேண்டும். ஆனால் அந்நூலை மூடியபின் தானியேல் 12ஐயும் 2 கொரிந்தியர் 5ஐயும் திறந்து, அவர் எழுதாத ஐந்தாம் அதிகாரத்தைத் தங்கள் சபைகளுக்காகத் தாங்களே எழுத முற்படவேண்டும்.