மணிக்கொரு விலை வீட்டுக்கு வரலாமா?

திருச்சியை அடுத்த துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டைக்கு ‘பீக் அவர்’ எனும் உச்ச நேரக் கட்டணம் புதிதல்ல. தமிழ்நாட்டில் உயரழுத்த ஆலைகள் காலை 6.30 முதல் 10.30 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் 25 விழுக்காடு கூடுதலாகக் கட்டுகின்றன. இரவு 10 முதல் காலை 5 வரை 5 விழுக்காடு தள்ளுபடி பெறுகின்றன. 2022இல் தாழ்வழுத்தச் சிறுதொழில்களும் இதற்குள் வந்தன. அவை கடுமையாக எதிர்த்த பிறகு, அவ்வாண்டு நவம்பரில் அவற்றுக்கு அந்தக் கூடுதல் கட்டணம் 15 விழுக்காடாகக் குறைந்தது. மத்திய அரசு 2023 ஜூனில் திருத்திய விதிகள் இம்முறையை வீடுகளுக்கும் விரிக்கச் சொல்கின்றன: வெயில் நேரத்தில் குறைந்தது 20 விழுக்காடு மலிவு, உச்ச நேரத்தில் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல். இது நியாயமா?

இப்போது வீடுகளில் நடப்பது, பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் கூடும் அடுக்குக் கட்டணம். அதன் பெருமை, எளியவரைக் காப்பது. 2016 முதல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு மின்விசிறியும் சில விளக்குகளும் கொண்ட வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். அதன் குறை, 500 யூனிட்டில் நிற்கும் செங்குத்துப் படி. 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்; 501 ஆனால் 1,958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! இரு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கும் ஊரில் அந்தப் படியைத் தாண்டியது பில் வந்த பிறகே தெரியும். கலிபோர்னியாவின் அடுக்குக் கட்டணத்தை ஆராய்ந்த கொய்ச்சிரோ இட்டோ, மக்கள் கடைசி யூனிட்டின் விலையைப் பார்ப்பதில்லை, சராசரி விலைக்கே அசைகிறார்கள் என்று 2014இல் காட்டினார். அடுக்குகள் சிக்கனத்தைக் கற்பிக்கும் என்ற நம்பிக்கை அங்கேயே ஆட்டம் காண்கிறது.

இதைவிடப் பெரிய குறை, அடுக்குக்கு நேரம் தெரியாது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. பொழுது சாய்ந்ததும் பற்றாக்குறையைச் சந்தையில் யூனிட் 10 ரூபாய் வரை கொடுத்தும் வாங்க நேர்கிறது. மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை நண்பகலுக்கு நகர்த்தினால் அந்தச் சுமை குறையும். நேரக் கட்டணத்தின் உண்மையான வலிமை இதுதான்.

ஆனால் எல்லா வீட்டாலும் நகர்த்த முடியாது. கணவன் மனைவி இருவரும் பகல் ஷிப்ட் போகும் வீட்டில் சமையலும் துவைப்பும் இருட்டிய பிறகுதான். சித்திரை இரவில் திருச்சிக்காரர் மின்விசிறியை அணைக்க முடியாது. வாடகைக்கு இருப்போர் பலர், வீட்டுக்காரர் சொல்லும் ஒரே விலையைத்தான் கட்டுகிறார்கள். அவர்களுக்கு நண்பகல் மலிவு எட்டவே எட்டாது. விலையை முழுதும் சந்தையிடம் விட்டால் என்ன ஆகும் என்பதை டெக்சாஸ் காட்டியது: 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில், சந்தை விலைக்கே மின்சாரம் வாங்கிய குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது.

அடுக்கு யார் என்று பார்க்கிறது, எப்போது என்று பார்ப்பதில்லை. நேரக் கட்டணம் எப்போது என்று பார்க்கிறது, யார் என்று பார்ப்பதில்லை. ஒன்றைத் தூக்கிவிட்டு மற்றொன்றை வைப்பது தவறு. இலவச 100 யூனிட் இருக்கட்டும். மாத ரீடிங் வரட்டும். 500 யூனிட்டுக்குள் இருப்போருக்கு நண்பகல் சலுகை மட்டும் போதும், உச்ச நேரக் கூடுதல் வேண்டாம். ஏ.சி.யும் கீசரும் நிறைந்த பெரிய வீடுகளிடம் மட்டும் அதை வசூலிக்கலாம். வாடகைதாரரிடம் மின்வாரியக் கட்டணத்துக்கு மேல் வாங்குவதையும் தடுக்க வேண்டும். நேரவாரியாக அளக்கும் ஸ்மார்ட் மீட்டரைச் சுவரில் மாட்டும் முன் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இவற்றை எழுத்தில் தரவேண்டும். அதைக் கேட்கும் உரிமை மின்கட்டணம் கட்டும் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் எழுந்து கேளுங்கள்.