‘ரூட்ஸ்’ஸோடு கணக்கை முடிக்கிறவர்கள்

பிரேசில் நாட்டு மெட்டல் இசைக்குழு செபுல்துரா. அதன் ரசிகர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் எந்த ஆல்பம் பெரிசு என்கிற சண்டை வராமல் போகாது. 1991இல் வந்த ‘அரைஸ்’தான் உச்சம் என்பார் ஒருவர். 1993இன் ‘கேயாஸ் ஏ.டி.’யை எவனாலும் தாண்ட முடியாது என்பார் இன்னொருவர். மூன்றாவதாக ஒருவர் வந்து, 1996இல் ‘ரூட்ஸ்’ வந்தபிறகுதானய்யா உலகத்துக்கே காது திறந்தது என்பார். மூன்று பேரும் மூன்று கட்சி. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று கட்சிக்கும் பேச்சில்லாமலே உடன்பாடு இருக்கிறது. 1996க்குப் பிறகு கணக்கு கிடையாது. அதற்குப் பின்னால் வந்த ஒன்பது ஆல்பங்களையும் ‘டெரிக் காலம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டாயிற்று.

அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். நம் பக்கங்களில் மெட்டலுக்கு என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். எந்தக் குரல் அசல், எந்தக் குரல் ஒட்டு என்று தீர்ப்புச் சொல்கிற இடம் எதுவானாலும் அங்கே நமக்கு வேலை இருக்கிறது.

குழு 1984இல் பெலோ ஒரிசாண்டே நகரத்தில் தொடங்கியது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் தலைநகரம் அது. அந்தப் பெயருக்கே சுரங்கங்கள் என்றுதான் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் தங்கம் வெட்டிய மண். அமெரிக்கக் கண்டத்திலேயே கடைசியாக, 1888இல்தான், அடிமை முறையைப் பிரேசில் சட்டப்படி ஒழித்தது. 1964இல் வந்த ராணுவ ஆட்சி 1985 வரை நீடித்தது. மாக்ஸ் கவலேரா, இகோர் கவலேரா என்ற சகோதரர்கள் விடலைப் பருவத்தில் கூச்சலிட ஆரம்பித்தது அந்த ஆட்சியின் கடைசி மூச்சில்.

1986இன் ‘மார்பிட் விஷன்ஸ்’ ஒரு நகல். சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஆவேசமான நகல். ஐரோப்பிய இருட்டுக் குழுக்களைப் பார்த்து எழுதிய சாத்தான் பாட்டு, சரியாகச் சுருதி கூட்டாத கிட்டார். 1989இன் ‘பெனீத் த ரிமெய்ன்ஸ்’ வரும்போது சாத்தான் போய்விட்டான். போரும் சிறையும் வந்துவிட்டன. ‘அரைஸ்’ அந்த வழியின் முடிவு. இகோரின் இரட்டைக் கால் அடியும் ஆந்த்ரியாஸ் கிஸ்ஸரின் கிட்டாரும் ஒன்றை ஒன்று விரட்டுகிற வேகம் அதில் இருக்கிறது. முதல் கட்சியார் சொல்வதில் நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வேகம் அமெரிக்காவில் கண்டுபிடித்த வேகம். அதை அமெரிக்கக்காரனைவிட நன்றாக ஓடிக்காட்டினார்கள், அவ்வளவுதான்.

‘கேயாஸ் ஏ.டி.’யில் வேகத்தைக் குறைத்தார்கள். மெட்டல் உலகத்தில் வேகத்தைக் குறைப்பது என்றால் கௌரவத்தைக் குறைத்துக்கொள்வது என்று அர்த்தம். அங்கேதான் ட்ரம் முன்னால் வருகிறது. கிட்டார் ட்ரம்முக்குக் கீழே நின்று அடி அடியாகத் தட்டுகிறது. மாக்ஸின் கிட்டாரில் நான்கே தந்திகள். மேல்தந்தி இரண்டையும் கழற்றிவிட்டார். அதை ஒரு தாளக் கருவியாகவே ஆக்கிவிட்டார் எனலாம். பேசப்பட்ட விஷயமும் ஊருக்குள் வந்தது. 1992 அக்டோபர் 2ஆம் தேதி சாவோ பாவ்லோவின் காரன்திரு சிறையில் போலீஸ் நுழைந்தது. கைதிகள் 111 பேர் கொல்லப்பட்டார்கள். ‘மானிஃபெஸ்ட்’ பாட்டு அதைப் பற்றியது. ‘கையோவாஸ்’ நிலத்தைப் பறிகொடுத்துத் தற்கொலைகளில் சிதைந்த குவாரானி-கையோவா மக்களுக்காக, சொல்லே இல்லாமல் வெறும் வாத்தியத்தால் செய்தது. அதை வேல்ஸ் நாட்டில் ஒரு பாழடைந்த கோட்டைக்குள் உட்கார்ந்து பதிவு செய்தார்கள் என்பது தனி வேடிக்கை.

‘ரூட்ஸ்’ஸுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். 1995 நவம்பரில் குழுவினர் மாத்தோ குரோசோ மாநிலத்தில் ஷவாந்தே பழங்குடியினரின் பிமென்டெல் பார்போசா கிராமத்துக்குப் போனார்கள். கிட்டாரும் பதிவுக் கருவியும் எடுத்துப்போய் அவர்களோடு சேர்ந்து பாடிப் பதிவு செய்த துண்டுதான் ‘இத்சாரி’. ஷவாந்தே மொழியில் அதற்கு வேர் என்று பொருள். ‘ரத்தமஹத்தா’வில் பாயியா மாநிலத்துச் சால்வடோர் நகரத்துக் கறுப்புத் தாளக் கலைஞர் கார்லீனியோஸ் பிரவுன் வந்து பாடி அடிக்கிறார். அடிமைகள் தப்பியோடி அமைத்த பால்மாரெஸ் குடியிருப்பின் தலைவன், 1695இல் கொல்லப்பட்ட சூம்பியின் பெயரை அந்தப் பாட்டு உச்சரிக்கிறது. தந்திகளின் சுருதியை மிகவும் தாழ்த்தி, சத்தத்தைச் சேறு மாதிரி குழைத்திருக்கிறார் தயாரிப்பாளர் ராஸ் ராபின்சன். முன்னதாக கோர்ன் குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் அவர் என்பதால் ‘இது கோர்னின் காப்பி’ என்று த்ராஷ் கட்சியார் இன்றும் வைகிறார்கள். கிட்டார் சத்தத்தைப் பற்றி மட்டும் என்றால் அந்த வசவில் பாதி உண்மை. தாளத்தைப் பற்றி என்றால் அவர்களுக்குக் காது இல்லை.

ஷவாந்தே மக்களைப் பற்றி ரசிகர்கள் எழுதுவதையும் பேசுவதையும் பார்த்தால், காட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஒரு மெட்டல் குழுதான் முதன்முதலாக மைக்கைக் காட்டியது போலிருக்கும். மாரியோ ஜுருனா என்று ஒரு ஷவாந்தே தலைவர் இருந்தார். 1970களிலேயே தலைநகரத்து அலுவலகங்களுக்கு ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனவர். அதிகாரிகள் தருகிற வாக்குறுதிகளை அவர்கள் முகத்துக்கு நேரே பதிவு செய்வார். வெள்ளைக்காரன் பேச்சு பேச்சல்ல, டேப்பில் இருந்தால்தான் நாளைக்குக் கேட்கலாம் என்பது அவருடைய அனுபவம். 1982இல் தேர்தலில் வென்று பிரேசில் நாடாளுமன்றத்துக்குள் போன முதல் பழங்குடி உறுப்பினர் அவர். இன்னொரு ஷவாந்தே ஊரான மாராய்வாட்செதேயில், 1966இல் மக்களை விமானப்படை விமானங்களில் ஏற்றி வேறிடத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். தட்டம்மையில் கொத்துக்கொத்தாய்ச் செத்தார்கள். அந்த நிலத்தில் குடியேறியிருந்த அந்நியர்களைச் சட்டப்படி வெளியேற்ற 2012 கடைசி வரை ஆயிற்று. இதையெல்லாம் தெரிந்துகொண்டு ‘இத்சாரி’யைக் கேட்டால் அது வேறு பாட்டு. யார் யாரைப் பதிவு செய்கிறார்கள் என்ற கேள்வி அதற்குள்ளேயே ஓடும்.

அட்டைப்படத்தில் ஒரு பழங்குடி முகம். அது பிரேசிலின் ஆயிரம் குருசெய்ரோ நோட்டிலிருந்து எடுத்து வரைந்தது. நிலத்தைப் பிடுங்கிய அரசு முகத்தை மட்டும் ரூபாயில் அச்சடித்தது. ஆல்பம் வருவதற்குள் அந்தப் பணமும் செல்லாமல் போய்விட்டது. குழு இதைத் தெரிந்தே செய்ததா என்பதல்ல விஷயம், படம் பேசுகிறது. ரசிகன் அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டான். ‘பழங்குடி’ என்பது ஒரு மக்களின் பெயராக இல்லாமல் ஒரு சத்தத்தின் பெயராக, கடையில் ஒரு அடுக்கின் பெயராக ஆயிற்று. பறை மேடையேறியபிறகும் பறையடித்தவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல.

1996 டிசம்பர் 16 லண்டன் பிரிக்ஸ்டன் கச்சேரியோடு மாக்ஸ் வெளியேறினார். மேலாளர் அவருடைய மனைவி. மற்ற மூவரும் அவரோடு ஒப்பந்தத்தைத் தொடர மறுத்தார்கள். அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார் டெரிக் கிரீன். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துக் கறுப்பர். ஹார்ட்கோர் இசையிலிருந்து வந்தவர். சாவோ பாவ்லோவுக்கே குடிபோய், போர்த்துக்கீசியம் கற்றுக்கொண்டு, அங்கேயே வாழ்ந்தார். மாக்ஸ் பாடிய முழு ஆல்பங்கள் ஆறு. டெரிக் பாடியவை ஒன்பது. ஆனாலும் கால் நூற்றாண்டு கழித்தும் அவர் ‘புதுப் பாடகர்’. என்ன கணக்கு இது? ‘ரூட்ஸ்’ஸில் கறுப்புத் தாளத்தைக் கொண்டாடியவனுக்குக் கறுப்பு மனிதன் நடுவில் நின்று மைக்கைப் பிடித்ததும் குழு ‘அசல்’ இல்லாமல் போய்விடுகிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கறுப்பர் என்றோ கலப்பு நிறத்தவர் என்றோ சொல்லிக்கொண்டவர்கள் 55 சதவீதத்துக்கும் மேல். அந்த நாட்டுக் குழுவுக்கு டெரிக் எப்படி அந்நியர் ஆனார்?

மறுப்பு ஒன்று உடனே வரும்: நிறமில்லை தோழர், குரல்தான் விஷயம், எந்தக் குழுவிலும் பாடகன் மாறினால் இப்படித்தான். சரி, பார்ப்போம். பிளாக் சாபத் ஓஸியை அனுப்பிவிட்டு ரானி ஜேம்ஸ் டியோவை வைத்து 1980இல் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ போட்டது. அயர்ன் மெய்டனில் புரூஸ் டிக்கின்சன் பின்னால் வந்தவர்; அவரை இன்று யாராவது மாற்று ஆள் என்பார்களா? அதே மெய்டனில் பிளேஸ் பெய்லியையும், ஜூடாஸ் பிரீஸ்ட்டில் ரிப்பர் ஓவன்ஸையும் ரசிகர்கள் ஏற்கவில்லை, இருவரும் வெள்ளையர். ஆகவே நிறம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது சோம்பேறித்தனம். ஆனால் அவர்கள் ஆளுக்கு இரண்டு ஆல்பம் பாடிவிட்டுப் போனார்கள். ஒன்பது ஆல்பம் பாடியும் வாசலிலேயே நிறுத்தப்பட்ட இன்னொருவரை எனக்குத் தெரியவில்லை.

குரல் என்றால் குரலைத்தான் கேட்கவேண்டும். 1998இன் ‘அகெய்ன்ஸ்ட்’ பலவீனமானது. ஜப்பானியக் கோடோ தாளக் குழுவோடு செய்த ‘காமாய்தாச்சி’யைத் தவிர மற்றதெல்லாம் காயம் ஆறுவதற்குள் அவசரமாகச் செய்தது. 2001இன் ‘நேஷன்’ விரும்பியதையெல்லாம் ஒரே பானையில் போட்டது. தாந்தேயின் காவியத்தை வைத்து 2006இல் செய்த ‘தாந்தே’ ஆல்பத்தில்தான் டெரிக் தன் குரலில் நிற்கிறார். அதோடு இகோரும் போனார். கவலேரா ஒருவரும் இல்லாத குழுவாயிற்று. 2011இன் ‘கைரோஸ்’ உறுதியானது. 2017இன் ‘மெஷின் மெசையா’ மெதுவாக, கத்தாமல், தெளிந்த குரலில் தொடங்குகிறது. மாக்ஸால் செய்யமுடியாத, செய்ய நினைத்தேயிராத ஒரு காரியம்.

2020இன் ‘குவாட்ரா’வில் பன்னிரண்டு பாட்டு, நான்கு பகுதி. முதல் பகுதி ‘அரைஸ்’ காலத்து வேகம், இரண்டாவது ‘ரூட்ஸ்’ காலத்துத் தாளம். அதற்குப் பிறகு பழைய கட்சிகள் எதுவும் போகாத இடத்துக்குப் போகிறது. அதில் ‘கார்டியன்ஸ் ஆஃப் எர்த்’ அமேசானையும் அதைக் காக்கிற பூர்வகுடிகளையும் பற்றியது. நைலான் தந்திக் கிட்டார், சேர்ந்திசை, அதன்மேல் டெரிக். ‘இத்சாரி’யில் ஒரு கிராமம் பாடியது, இங்கே அடிமைகளின் வழிவந்த ஒருவர் காட்டுக்காரர்களுக்காகத் தொண்டை கிழியப் பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ‘வளர்ச்சி’ என்ற சொல்லுக்கு அர்த்தம் கிடைக்கும். ஆல்பம் வந்த சில வாரங்களில் தொற்றுநோய் வந்து கச்சேரிகளை நிறுத்தியது. ஆனாலும் நீண்ட நாளுக்குப் பிறகு பழைய ரசிகர்கள் சிலர் இறங்கிவந்து ‘பரவாயில்லையே’ என்றார்கள். ‘பரவாயில்லை’ என்பது எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற சொல் என்பது எழுதுகிற நம் ஆட்களுக்குத் தெரியும்.

2023இல் கவலேரா சகோதரர்கள் ‘மார்பிட் விஷன்ஸ்’ஸைத் திரும்பப் பதிவு செய்து வெளியிட்டார்கள். 1986இல் சுருதி சேராமல் போனதை இப்போது சேர்த்து வைத்தார்கள். அசலுக்கே அசல். அதே ஆண்டு டிசம்பரில் செபுல்துரா தன் விடைபெறும் பயணத்தை அறிவித்தது. 2024 மார்ச்சில், தொடங்கிய ஊரான பெலோ ஒரிசாண்டேயிலேயே அதை ஆரம்பித்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் ட்ரம்மர் எலோய் காசாகிராண்டே விலக, அவர் இடத்தில் ஓர் அமெரிக்க இளைஞர் வந்து உட்கார்ந்தார். மைக்கின் முன்னால் நின்றவர் இருபத்தேழு ஆண்டுகளாக நின்றவரேதான்.