நாலரை அடித் தடுப்பும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

இந்தியாவில் இணைய உரிமைகளின் வரலாறு என்று எதை எடுத்து வாசித்தாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைப்பு கொடுத்தது. 1998 நவம்பரில் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது. 2016-ல் ட்ராய் இணையச் சமநிலைக்கு ஆதரவாக விதி போட்டது. 2017-ல் தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பு வந்தது. எல்லாம் நடந்த விஷயம்தான், எல்லாம் முக்கியமானதும்தான். ஆனா இந்த வரிசையில் பிரவுசிங் சென்டர் எங்கேயும் இல்லை. தர்மபுரி மாவட்டம் இணையத்தைக் கற்றுக்கொண்ட இடம் அதுதான்.

"கற்றுக்கொண்ட" என்பதைக்கூட யோசித்துத்தான் சொல்லணும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தர்மபுரி: 68.5 சதவீதம். பெண்களில் 60-ஐக்கூடத் தொடவில்லை. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தவங்க நெட் பார்க்க வரவில்லை. பிளஸ் டூ ரிசல்ட், கவுன்சலிங் ரேங்க், பெங்களூரில் வேலை பார்க்கிற அண்ணனுக்கு ஒரு மெயில், இப்படி ஏதாவது ஒரு வேலையோடு வந்தாங்க. பல பேர் கீபோர்டைத் தொட்டதே இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டு நம்பரைச் சொல்வார்கள், சென்டர் பையன் தட்டுவான். இணையம் இன்னொருத்தர் கை வழியாகத்தான் அவங்களுக்கு வந்தது.

பிற்பாடு வேலைவாய்ப்புப் பதிவும் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பமும் இணையத்துக்கு மாறினபோது சென்டர் மேசைக்கு ஒரு நோட்டு வந்தது. நாற்பது பக்க கோடு போட்ட நோட்டு. பேர், ஊர், பதிவு எண், யூசர் ஐடி, பாஸ்வேர்டு. நான் பார்த்த ஒரு சென்டரில் அது மூன்றாவது நோட்டு. பல பேருக்கு மெயில் ஐடியையும் சென்டரே உருவாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு மறந்தால் மீட்பதற்கான போன் நம்பரும் சென்டருடையதுதான். அடுத்த தடவை வரும்போது, "அண்ணா, போன வருசம் போட்டது, கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றால் போதும்.

இணைய உரிமை பற்றிய எழுத்துகளை இந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் எப்படி இருக்கும்? இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

முதலில் வெளிநாட்டிலிருந்து இரண்டு எழுத்துகள். எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் 1990-ல் அமெரிக்காவில் தொடங்கியது. டிஜிட்டல் உரிமைக்கான அமைப்புகளில் முன்னோடி என்றே சொல்லலாம். அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜான் பெர்ரி பார்லோ 1996 பிப்ரவரி 8 அன்று, தாவோஸில் இருந்தபோது, சைபர்வெளியின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதினார். உலகம் பூராவும் பரவின எழுத்து அது. அரசாங்கங்களைப் பார்த்து, எங்க இடத்தில் உங்களுக்கு வேலையில்லை என்கிறது. அந்த இடத்தில் உடம்புக்கும் பங்கில்லை என்கிறது. இன்றைக்கும் வாசிக்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனா சென்டரில் உடம்புதான் முதல் பிரச்சினை. யார் பக்கத்தில் உட்காருகிறார், பின்னால் யார் நிற்கிறார், காலேஜ் பொண்ணு தனியாக வந்தால் யார் என்ன சொல்வார். உடம்பை வீட்டில் விட்டுவிட்டு இணையத்துக்கு வர தர்மபுரியில் யாருக்கும் வசதி இருக்கவில்லை.

அதே அமைப்பு அதற்கு மூன்று வருசம் முன்னால் வெளியிட்ட இன்னொரு எழுத்து எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஆடம் காஃபின் என்ற பத்திரிகையாளர் எழுதின 'பிக் டம்மீஸ் கைடு டு தி இன்டர்நெட்'. 1993-ல் வந்தது, இலவசமாகவே பரவியது. மோடத்தை எப்படி இணைப்பது, மெயில் எப்படி அனுப்புவது, யூஸ்நெட்டில் எப்படி நடந்துகொள்வது என்று படிப்படியாகப் போகும். அதிலே ஒரு பழக்கம் உண்டு. எப்படிச் செய்யணும் என்று சொல்லி முடித்ததும் தவறாகப் போனால் என்ன செய்யணும் என்று ஒரு பகுதி வரும். உரிமைக்காக வழக்காடுகிற அமைப்பு செய்முறைப் புத்தகமும் போட்டது. ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாதவருக்கு அதன் மேல் இருக்கும் உரிமையும் புரியாது என்று அவங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் புத்தகத்திலும் ஒரு குறை உண்டு. வாசகர் கையில் சொந்தக் கம்ப்யூட்டரும் போன் லைனும் இருப்பதாகவே அது எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் அந்த "தவறாகப் போனால்" பகுதி மாதிரி ஒன்று நமக்குச் சென்டர் சுவரில் ஒட்டக் கிடைத்திருக்கலாம்.

நமக்குக் கிடைத்தது வேற போர்டு. 2011 ஏப்ரல் 11 அன்று மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கான விதிகளை அறிவித்தது. அடையாள அட்டை இல்லாமல் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. வருகிறவரின் விவரங்களைப் பதிவேட்டில் எழுதி ஒரு வருசம் வைத்திருக்கணும். எந்தெந்தத் தளம் பார்த்தார் என்ற வரலாறும் ஒரு வருசம் இருக்கணும். கேபின் தடுப்பு நாலரை அடியைத் தாண்டக் கூடாது. ஆபாசத் தளம் பார்க்கக் கூடாது, சட்டம் தடுத்ததை டவுன்லோடு செய்யக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போர்டு வைக்கணும்.

பார்லோவை விட நம்ம அரசுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது: இணையம் பார்க்கிறவருக்கு உடம்பு உண்டு. ஆனா அந்த உடம்பைச் சந்தேகப்பட வேண்டிய ஒன்றாகத்தான் இந்த விதிகள் பார்க்கின்றன. பதிவேட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்கின்றன. அது ஆய்வுக்கு வரும் அதிகாரிக்காக. அந்தப் பதிவேட்டில் பேர் இருக்கிறவருக்கு, தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஒரு வரி கிடையாது. போர்டில் என்ன செய்யக் கூடாது என்று இருக்கும். என்ன கேட்கலாம் என்று இருக்காது.

அதே 2011 ஏப்ரல் 11 அன்று இன்னொரு விதித் தொகுப்பும் அறிவிக்கப்பட்டது. தனிமனிதரின் நுண்ணிய தகவல்களை எப்படிப் பாதுகாப்பது என்பது பற்றியது அது. எவையெல்லாம் நுண்ணிய தகவல் என்ற பட்டியலில் முதலாவதாக இருப்பது பாஸ்வேர்டு. பார்க்க நல்லாத்தான் இருக்கு. இந்த விதிகளுக்கு வேர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. தனி ஆள் நடத்துகிற தொழிலும் அதில் அடங்கும். அப்படின்னா சென்டரும் அடங்கும். ஆனா அந்தப் பிரிவு பேசுவது கம்ப்யூட்டரில் இருக்கும் தகவலைப் பற்றி மட்டும். நாற்பது பக்க நோட்டு கம்ப்யூட்டர் இல்லையே.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் கதை பெரிதாக மாறவில்லை. டிஜிட்டலாகத் திரட்டியது, அல்லது பிறகு டிஜிட்டலாக மாற்றியது, இரண்டுக்கும்தான் அந்தச் சட்டம். பேனாவால் எழுதி நோட்டிலேயே கிடக்கிற பாஸ்வேர்டு அதற்கும் வெளியேதான் நிற்கிறது. சட்டம் தடுப்பின் உயரத்தை அளந்தது, கம்ப்யூட்டருக்குள் இருப்பதைப் பட்டியல் போட்டது. எங்க மாவட்டத்தில் பாஸ்வேர்டு இருந்த இடத்தை மட்டும் பார்க்கவில்லை.

சரி, அரசை விடுவோம். உரிமைக்காகப் போராடினவங்க?

2015 மார்ச் 27 அன்று ட்ராய் இணையச் சேவைகள் பற்றி ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. 118 பக்க ஆங்கில ஆவணம், 20 கேள்விகள். தன்னார்வலர்கள் அதைச் சுருக்கி, பதில்களைத் தயார் செய்து, ஒரு க்ளிக்கில் மெயில் போகும்படி செய்தார்கள். 10 லட்சத்துக்கு மேல் மெயில் போனது. அடுத்த வருசம், 2016 பிப்ரவரி 8 அன்று, ஒரே இணையத்தில் தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று ட்ராய் விதி போட்டது. பார்லோ பிரகடனம் எழுதி அன்றோடு சரியாக இருபது வருசம். இந்திய டிஜிட்டல் உரிமை இயக்கத்தின் பெரிய வெற்றி அது. அந்த வெற்றியைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. இன்றைக்கு நம்ம போனில் எல்லாத் தளமும் ஒரே விலைக்குத் திறக்கிறதென்றால் அதில் அவங்களுக்குப் பங்கு உண்டு.

ஆனா இரண்டு விஷயத்தைச் சொல்லியாகணும். ஒன்று, மொழி. அவங்க எதிர்த்த திட்டம் ஃபேஸ்புக்கின் இன்டர்நெட்.ஆர்க், பின்னாளில் ஃப்ரீ பேசிக்ஸ். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸோடு சேர்ந்து இந்தியாவில் அது தொடங்கினபோது முதல் ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தமிழிலும் கிடைத்தது. தமிழில் எழுதினவங்களும் பேசினவங்களும் இருந்தாங்க என்றாலும், எதிர்ப்பின் பொதுமொழி ஆங்கிலம்தான். காரிமங்கலத்தில் இலவச இணையம் தமிழில் வருகிறது, அது ஏன் ஆபத்து என்ற விளக்கம் ஆங்கிலத்தில் வருகிறது. அந்த ஊர்க்காரர் எதை எடுத்துக்கொள்வார்?

இரண்டாவது, மெயில் ஐடி. 2015 ஏப்ரல் 27 அன்று ட்ராய் வந்த கருத்துகளை எல்லாம் அனுப்பினவரின் மெயில் முகவரியோடு தன் தளத்தில் போட்டது. 10 லட்சம் முகவரி. நியாயமாகவே பெரிய சத்தம் எழுந்தது. மெயில் ஐடி வெளியே போனால் என்ன ஆகும் என்று அன்றைக்கு எல்லாரும் பேசினாங்க. அதே பேச்சு சென்டர் நோட்டைப் பற்றி ஒரு நாளும் எழவில்லை. அங்கே ஐடி மட்டுமில்லை, பாஸ்வேர்டும் இருந்தது. தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஐடி, தனக்கு மட்டும் தெரிந்த ஒரு பாஸ்வேர்டு: இந்த மூன்றும் இருப்பவரைத்தான் உரிமை இயக்கம் "பயனர்" என்று நினைத்தது. இன்னொருத்தர் கை வழியாக இணையம் பார்க்கிறவர் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை.

இதை எழுதும்போது சென்டர்காரர்களைக் குற்றவாளி ஆக்குகிற மாதிரி தோன்றலாம். அப்படி இல்லை. இந்த மாவட்டத்தின் முதல் இணைய ஆசிரியர்கள் அவங்கதான். சம்பளம் இல்லாமல், பாடத்திட்டம் இல்லாமல், கரண்ட் போகிற ஊரில் யூபிஎஸ் வாங்கி வைத்து நடத்தினவங்க. தமிழ் எழுத்துருப் பிரச்சினையையும் அவங்கதான் சமாளிச்சாங்க. 1998 பொங்கலன்று தொடங்கின மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை இலவசமாக வலையில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஆனா சரியான எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் அது வெறும் கிறுக்கல். பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு என்று இருந்த காலம் வேறு. அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றதே 2010-ல்தான். தமிழில் வாசித்து இணையத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்ற வழி அந்தப் பத்து, பன்னிரண்டு வருசம் ஏறக்குறைய அடைந்தே கிடந்தது. வாடிக்கையாளர் பாஸ்வேர்டைத் தொலைத்தால் விண்ணப்பமே போய்விடும். நோட்டில் எழுதி வைத்தது பெரும்பாலும் உதவி செய்யத்தான்.

உதவிதான் என்றாலும் அதற்கு ஒரு விலை இருந்தது. சென்டர் கைமாறினால் நோட்டும் கைமாறும். ஒரு பொண்ணு எந்தக் காலேஜுக்குப் போட்டிருக்கிறாள், யாருக்கு மெயில் அனுப்பினாள் என்று நோட்டை வைத்திருப்பவர் நினைத்தால் பார்க்கலாம். தர்மபுரி மாதிரி, யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதற்கே ஊர் கூடுகிற மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நடந்ததா என்று கேட்டால், நடந்திருந்தால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது என்பதுதான் என் பதில்.

"அது பழைய கதை, இப்போ எல்லார் கையிலும் போன் இருக்கு" என்று சொல்வார்கள். போன் இருக்கு, யாருடையது? வங்கிக் கணக்கோடு இணைத்த நம்பர் பல வீடுகளில் கணவருடையது, இல்லாவிட்டால் மகனுடையது. 2023 செப்டம்பரில் தொடங்கின மகளிர் உரிமைத் தொகையின் 1,000 ரூபாய் அம்மா கணக்கில் விழுந்தாலும் எஸ்எம்எஸ் அந்த நம்பருக்குத்தான் போகிறது. இ-சேவை மையத்தில் ஓடிபியைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறோம். நோட்டு ஒழிந்துவிடவில்லை, வடிவம் மாறியிருக்கிறது.

என் விமர்சனம் இவ்வளவுதான். உரிமை பேசினவங்க செய்முறையை விட்டுட்டாங்க, செய்முறை சொல்லிக்கொடுத்தவங்க உரிமையை விட்டுட்டாங்க. நம்ம ஊர் கம்ப்யூட்டர் கோர்ஸில் எம்எஸ் ஆபீஸ் இருந்தது, அடுத்தவர் கையால் படிவம் நிரப்பும்போது எதைக் கேட்கணும் என்பது இல்லை. 2011-ல் தொடங்கின இலவச லேப்டாப் திட்டம் லட்சக்கணக்கான மாணவர்களுக்குச் சொந்தக் கம்ப்யூட்டர் கொடுத்தது. சென்டரை நம்பியிருந்த நிலையை அது உண்மையிலேயே குறைத்தது. ஆனா அந்தப் பெட்டியிலும் "தவறாகப் போனால்" என்று ஒரு தாள் இருந்திருக்கலாம்.

இப்போதாவது அந்தத் தாளை எழுதலாம். ஒரு பக்கம் போதும், தமிழில், பெரிய எழுத்தில். பாஸ்வேர்டை நீங்களே தட்டுங்க, தட்டத் தெரியாவிட்டால் வீட்டுக்குப் போனதும் தெரிந்தவரை வைத்து மாற்றுங்க. மீட்பு நம்பர் உங்களுடையதா என்று கேளுங்க. ஓடிபியைச் சொல்வதற்கு முன்னால் எதற்கு வந்தது என்று படிக்கச் சொல்லுங்க. வேலை முடிந்ததும் லாக் அவுட் பண்ணச் சொல்லிப் பாருங்க. நோட்டில் எழுதியிருந்தால் அந்த வரியை உங்க எதிரிலேயே அடிக்கச் சொல்லுங்க. இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதணும். எங்க ஊரில் ஆட்களைத் தடுப்பது பெரும்பாலும் அந்தத் தயக்கம்தான்.

பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் சென்டர் நடத்தினவங்க யாராவது இதை வாசித்தால் எழுதுங்க. அந்த நோட்டுகளைக் கடையை மூடும்போது என்ன செய்தீங்க என்று தெரிஞ்சுக்கணும். அடுத்த குறிப்பு அதைப் பற்றித்தான்.