ஒரு நூலில் இரு நீதி

அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றோர் ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் ஒரு வீரக்கதையை நடத்திச் செல்வதே இதன் முறை. கதையை நடத்தித் தீர்ப்புக் கூறுபவர் ஆட்டத்தலைவர். பிள்ளை விளையாட்டென்று இதனை ஒதுக்குவோர் உளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. ஓர் உயிர் நல்லதா தீயதா என்று எழுத்தில் வரைந்து வைத்திருக்கும் நூல் எதுவாயினும் அது நம் ஆராய்ச்சிக்கு உரியதே.

அவ்வரையறைக்கு ‘அலைன்மெண்ட்’ என்று பெயர். ஒழுக்கச்சார்பு என்று நாம் வழங்கலாம். முதல் நூலில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்று சார்புகளே இருந்தன. அவை ஒழுக்கத்தைக் காட்டிலும், போரில் யார் எக்கட்சி என்பதையே பெரிதும் காட்டின. அப்பட்டியலில் மனிதர் மூன்றிடத்திலும் காணப்பட்டனர். டோல்கீன் கதைகளினின்று வந்த ஓர்க் என்னும் முரட்டு இனத்தாருக்கும் நடுநிலையில் ஓரிடம், குழப்பத்தில் ஓரிடம் ஆக இரண்டிடம் இருந்தது. பின்னர் 1978இல் வந்த ஆட்டக்காரர் நூல், ஒழுங்கையும் குழப்பத்தையும் நன்மை தீமைகளோடு குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்து ஒன்பது சார்புகளை வகுத்தது. இதில் ஓர் அரிய கருத்து உண்டென்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். சட்டத்தை மீறுவோன் எல்லாம் தீயவன் அல்லன். சட்டத்தை எழுத்துப் பிசகாது காப்போன் எல்லாம் நல்லவனும் அல்லன். சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே கொடுமை செய்த துரைமாரைக் கண்ட தோட்டத்து மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆட்டக்காரர் ஏற்கும் வீரனுக்கு இந்நூல்கள் விதித்த நீதி செம்மையானது. அவன் தன்னை நல்லவன் என்று எழுதிக்கொண்டால் மட்டும் போதாது. அவன் நடத்தையை ஆட்டத்தலைவர் கவனித்து வரவேண்டும் என்று 1979இல் வந்த ஆட்டத்தலைவர் நூல் கூறிற்று. எழுதிய சார்புக்கு மாறாக நடந்து சார்பே மாறிப்போனால், அவன் ஈட்டிய தகுதியில் ஒரு படி இழப்பான். பாலடின் என்னும் அறவீரன் நிலை இன்னும் கடுமையானது. அறிந்தும் விரும்பியும் ஒரு தீச்செயல் செய்தானாயின் அப்பதவி அவனுக்கு என்றென்றைக்கும் இல்லை. வேலை முடிந்தபின் பெயர் போடும் செக்ரோல் போன்றது இந்தக் கணக்கு.

பகைவர்க்கோ வேறு செக்ரோல்! பொழுது விடியுமுன்னே எழுதி முடித்தது அது. 1977ஆம் ஆண்டின் அரக்கர் நூலில் ஓர்க் இனத்துக்கு ஒரே சார்புதான். ஒழுங்குடைய தீயோர் என்று இனம் முழுமைக்கும் முத்திரை குத்தியாயிற்று. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அவர்களே குழப்பமுடைய தீயோர் ஆயினர். இடைப்பட்ட இருபத்துமூன்று ஆண்டுகளில் அவ்வினத்தார் புதிதாகச் செய்த பாதகம் யாது? ஒன்றுமில்லை. எழுதுகோல் மாறிற்று, பிறவிக்குணமும் மாறிற்று! பிறவிக்குணம் என்று உலகில் பேசப்படுவன யாவும் எழுதுவோன் கையில் இருப்பனவே என்பதற்கு இதனினும் நல்ல சான்று எமக்குக் கிட்டவில்லை.

இவ்விரு நீதியும் ஒன்றோடொன்று மோதும் இடம் ஒன்றுண்டு. கைகாக்ஸ் தாமே எழுதிய ‘எல்லைப்புறக் கோட்டை’ என்னும் கதைக்களத்தில் குழப்பக் குகைகள் வருகின்றன. கோபால்டு, ஓர்க் முதலிய கூட்டத்தார் அங்கே குடியிருக்கின்றனர். ஆண்கள் இத்தனை, அவர் ஆயுதம் இன்னது, பொன் இவ்வளவு என்று கணக்கிட்டு வருகின்ற ஆசிரியர், உள்ளறைகளில் பெண்டிரையும் சிறாரையும் கணக்கிட்டிருக்கிறார். சிறார் போர் புரியார் என்னும் குறிப்பும் உண்டு. இப்பொழுது வாளேந்திய பாலடின் அவ்வறை வாயிலில் வந்து நிற்கிறான் என்று கொள்வோம். பகைவர்க்குரிய நீதிப்படி மூலையில் ஒடுங்கி நிற்கும் அக்குழந்தை தீயது. அதனை வெட்டுதல் அறம். வீரனுக்குரிய நீதிப்படி, எதிர்த்துக் கையோங்காத ஓர் உயிரை வெட்டுதல் தீச்செயல். அத்துடன் அவன் பதவி ஒழிந்தது. இரண்டும் ஒருங்கே மெய்யாதல் எங்ஙனம்? எத்தனையோ மேசைகளில் ஆடுவோர் இவ்விடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வழக்காடியிருக்கின்றனர். அவ்வழக்கே இந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த பகுதி என்பது எம் கருத்து.

விதிவிலக்கு உண்டே என்பர் சிலர். டிரவ் என்னும் கருந்தோல் இனத்தார் பாதாளத்தில் வாழும் கொடியோர் என்று 1978இலேயே எழுதிவைத்தனர். (தீமைக்குக் கருந்தோல் போர்த்தவேண்டும் என்று எங்கிருந்து கற்றார்களோ!) 1988இல் ஆர். ஏ. சால்வடோர் தம் நாவலில் அவ்வினத்தில் டிரிஸ்ட் என்றொரு நல்லவனைப் படைத்தார். அவன் பெரும்புகழ் பெற்றான். ஆனால் அவன் நல்லவனாவதற்குத் தன் இனத்தை விட்டு ஓடிவர வேண்டியிருந்தது. நமக்கு இது பழைய கதை. விபீடணனை நல்லவன் என்றவர்கள் இலங்கையில் எஞ்சியிருந்தோரை நல்லவர் என்றார்களா? ஒருவனைப் பிரித்தெடுத்துப் புகழ்வது மற்றையோர் மேலுள்ள பழியை இன்னும் இறுக்குவதற்கே பயன்பட்டது.

இந்நூல்களை இப்பொழுது வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தார், ஓர்க், டிரவ் முதலியோரை இனம் முழுதும் தீயோராகக் காட்டியது தவறென்று 2020இல் அறிவித்தனர். 2024ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் நூலில் இனம் என்னும் பொருள்தரும் பழைய ஆங்கிலச் சொல்லையும் நீக்கினர். ஆடுவோர் ஏற்கத்தக்க பாத்திரங்களுள் ஓர்க்கும் ஒன்றாயிற்று. இதற்காகக் கூச்சலிட்டவர்களோடு எமக்கு உடன்பாடில்லை. பிறவிப்பழி எங்கு நீங்கினும், கற்பனை உலகிலே நீங்கினும், நன்றே.

எம் குறை வேறு. பகைவர்க்கு முன்கூட்டி எழுதிய செக்ரோலைக் கிழித்த அதே காலத்தில், வீரனுடைய செக்ரோலையும் மூடிவிட்டனர். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதலே சார்பு பெரும்பாலும் பெயரளவில் நிற்கிறது. சார்பு மாறியதற்காக ஒருவன் படியிழப்பது என்பது அதில் இல்லை. பாலடின் தன் சூளுறவை முறித்தானா என்பதை ஆட்டத்தலைவர் விரும்பினால் கேட்கலாம், விரும்பாவிட்டால் விடலாம். குகையின் உள்ளறையில் நிற்கும் அக்குழந்தை இன்று பிறவியில் தீயதன்று. ஆயின் அதனை வெட்டியவன் கணக்கில் என்ன எழுதுவது என்று கேட்டால், அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது.