ஊக்கும் துப்பாக்கியும்

மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி மதிய இடைவேளையில் தன் கைபேசியை என் மேசைமேல் வைத்தாள். அமெரிக்கப் பெண் ஒருவர் வயிற்றைச் சுற்றிக் கட்டிய அகலமான பட்டையில் சிறிய கைத்துப்பாக்கி ஒன்றைச் செருகிக் காட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்தார், குனிந்தார், குழந்தையைத் தூக்கினார். சட்டைக்கு மேல் துப்பாக்கியின் வடிவம் தெரியவே இல்லை. நாள் முழுக்க உறுத்தாமல் இருக்க எவ்வளவு எடை இருக்கலாம், எப்படிப்பட்ட உறை வேண்டும், இடுப்பின் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று சமையல் குறிப்பு சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனார்.

"இங்க இது வாங்க முடியுமா மேடம்?" என்றாள் மாணவி. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவளுக்குக் காணைக்குப் பக்கத்துக் கிராமம். மாலையில் விழுப்புரத்திலிருந்து டவுன் பஸ். இறங்கியபின் கரும்புக்கு நடுவே நடை. நானும் காணைக்காரிதான். அந்த இருட்டு எனக்குத் தெரியும் என்பதால் அந்தச் சிரிப்பில் நான் சேர்ந்துகொள்ளவில்லை.

"லைசென்சுக்கு இருபத்தொரு வயசு ஆகணும்மா. உனக்கு இன்னும் ஆகல" என்று சட்டம் பேசித் தப்பித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி விடவில்லை. ஒரு பெண்ணின் உடம்பில் உறுத்தாமல், வெளியே தெரியாமல் இருக்கக்கூடிய ஆயுதம் எது? இதற்கு நம் அரசு ஆயுதத் தொழிற்சாலையே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. செய்யுளைப் பிரித்துப் பொருள் சொல்வது என் தொழில். அந்தப் பதிலையும் அப்படியே பிரித்துப் பார்க்கிறேன்.

2012 டிசம்பர் 16 இரவு தில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 29ஆம் தேதி சிங்கப்பூர் மருத்துவமனையில் இறந்தார். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பதால் ஊடகங்கள் அவரை 'நிர்பயா' என்றன. அச்சமற்றவள் என்று பொருள். 2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. அதன் பெயர் 'நிர்பீக்'. அதே பொருள், ஆண்பாலில். .32 அளவு, ஆறு குண்டுகள், டைட்டானியக் கலவை உலோகம், அரைக் கிலோவை ஒட்டிய எடை. கைப்பைக்குள் எளிதாக அடங்கும் என்றார்கள். நகைப்பெட்டி மாதிரியான அரக்குச் சிவப்புப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். நம் பெண்களுக்கு நகை பிடிக்கும் என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். விலை 1,22,360 ரூபாய்.

முதலில் பெயர். இறந்த பெண்ணுக்குச் சொந்தப் பெயர் மறுக்கப்பட்டு ஒரு புனைபெயர் தரப்பட்டது. அந்தப் புனைபெயரின் நிழல் விற்பனைப் பொருளின்மேல் ஒட்டப்பட்டது. மணிப்பூரில் துப்பாக்கிக்குக் கணவனையும் மகனையும் பலிகொடுத்த பெண்களோடு வேலை செய்துவந்த பினாலட்சுமி நெப்ரம் இந்தப் பெயர்சூட்டலை அவமதிப்பு என்றார். துப்பாக்கி நடமாடும் ஊரில் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பார்த்தவரின் சொல் அது.

அடுத்தது விலை. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 148 ரூபாய். காணை ஒன்றியத்தில் மண்வெட்டி பிடிக்கும் ஒரு பெண், ஒரு வாய்ச் சோறும் தின்னாமல் எட்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கூலியைச் சேர்த்தால் நிர்பீக் வாங்கலாம். அந்தக் கைப்பையே அவளிடம் கிடையாது. அவளிடம் இருப்பது இடுப்பில் செருகிய சுருக்குப்பை.

மூன்றாவது உடம்பு. பெட்டியும் பெயரும் பெண்ணுக்கு என்கின்றன. சட்டமோ வேறு ஒரு உடம்பை மனத்தில் வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடம்போடு இணைத்த உறையிலோ, முதுகுப்பை போன்ற ஒன்றிலோ, முழுதும் மூடிய நிலையில்தான் கொண்டுபோகலாம் என்கின்றன. அதாவது மறைத்து வைப்பது இங்கே கட்டாயம். உறை நிலையாக நிற்க வேண்டுமென்றால் விறைப்பான இடுப்புவார் வேண்டும். நம் இடுப்பில் இருப்பது பாவாடை நாடா. அதில் அரைக் கிலோ இரும்பைத் தொங்கவிட்டால் கொசுவம் என்ன ஆகும் என்பதைப் புடவை கட்டிய யாரும் சொல்லிவிடுவார்கள். கைப்பையில் போட்டாலோ அதற்கென்று தனி அறை வேண்டும். சாவியும் சீப்பும் கிடக்கும் பையில் விசை எதிலாவது மாட்டினால் வெடித்துவிடும்.

தனி அறை வைத்த பையும் அமெரிக்காவில் உண்டு. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தில் ஒரு கடையில், துப்பாக்கி வைக்கவென்றே தைத்த கைப்பையின் அறைக்குள் இரண்டு வயதுக் குழந்தை கைவிட்டது. குண்டு பாய்ந்து அதன் தாய் அந்த இடத்திலேயே இறந்தார். துப்பாக்கி பழகியவர். அந்தப் பை கணவர் கிறிஸ்துமசுக்குக் கொடுத்த பரிசு. பெண்ணின் கைப்பை என்பது குழந்தைகள் மிட்டாய் தேடிக் கைவிடும் இடம் என்பது அதை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றவில்லை.

அங்கே இந்த வியாபாரம் பழையது. ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1989இல் 'லேடிஸ்மித்' என்று பெண்களுக்கான வரிசையையே இறக்கியது. நான்கு ஆண்டு கழித்து, 1993இல், ஒரு மருத்துவ இதழில் கெல்லர்மன் குழுவினரின் ஆய்வு வந்தது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அந்த வீட்டில் ஒருவர் கொலையாகும் வாய்ப்பு கூடுகிறது என்றது. வன்முறை செய்யும் கணவனின் கைக்குத் துப்பாக்கி எட்டும் என்றால் மனைவி கொல்லப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று 2003இல் கேம்பெல் குழுவினர் கண்டார்கள். வீட்டுக்குள் வந்த ஆயுதம் யாருக்காக வாங்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

நான்காவது, எதிரி. கைப்பைத் துப்பாக்கியின் கதையில் எதிரி எப்போதும் இருட்டில் வரும் அந்நியன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் பெரும்பாலான ஆண்டுகளில், பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள். உறவு, அண்டை வீடு, வேலை கொடுப்பவர், காதலிப்பதாகச் சொன்னவர். இவர்களுக்கு முன்னால் நாம் கைப்பையைத் திறப்பது காப்பித்தூள் வாங்கிவரக் காசு எடுக்கத்தான்.

சட்டம் நம் கையைக் கட்டிப்போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வன்புணர்வு நோக்கத்தோடு தாக்குபவனைக் கொல்வதுவரை தற்காப்புரிமை நீள்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 100, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 38. 2012இல் மதுரையில் மகளிடம் தவறாக நடக்க முயன்ற கணவனை ஒரு தாய் அடித்துக் கொன்றார். போலீஸ் அதைத் தற்காப்பு என்று ஏற்று அவரை விட்டது. அவர் கையில் கிடைத்தது வீட்டில் கிடந்த கிரிக்கெட் மட்டை. எதிரி அந்த வீட்டின் தலைவன்.

புறநானூற்றின் 95ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு நிர்பீக்கின் பெட்டி நினைவுக்கு வருகிறது. அதியமானின் தூதாகப் போன ஔவையாரிடம் தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். நெய் பூசி மாலை சூட்டிய புதுக் கருவிகள். புகழ்வதுபோலப் புகழ்ந்துவிட்டு, எங்களுடையவை நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் அவர். உண்மையில் புழங்கும் ஆயுதம் அழகாக இருக்காது என்பதை ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒரு பெண் சொல்லிவிட்டார்.

நம் ஊரில் நுனி மழுங்கும்வரை புழங்கிய ஆயுதம் ஊக்கு. என் அம்மாவின் தாலிச்சரட்டில் எப்போதும் நாலு ஊக்கு தொங்கும். நான் ஆராய்ச்சி மாணவியாகப் பேருந்தேறத் தொடங்கியபோது அதில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். "கூட்டத்துல நின்னா கையிலயே வச்சிக்க" என்றார். வேறு விளக்கம் இல்லை. எனக்கும் தேவைப்படவில்லை. அந்த ஒற்றை வாக்கியத்தில் அவருடைய பேருந்துப் பயணங்கள் எல்லாம் இருந்தன. எடை இல்லை, உரிமம் இல்லை, டஜன் சில ரூபாய். அந்த அமெரிக்கப் பெண் அடுக்கிய தகுதிகள் அத்தனையும் இதற்கு உண்டு.

ஒருமுறை பயன்படுத்தினேன். திண்டிவனம் தாண்டி நெரிசலில் நின்றிருந்தபோது பின்னாலிருந்தவனின் தொடையில் குத்தினேன். அவன் அலறினான். நடத்துநர் என்னைத்தான் திட்டினார். "படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது?" பேருந்து முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. குத்துப்பட்டவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டான். ஆயுதம் எடுத்தவள் என்ற பெயரோடு ஊர்வரை நின்றுகொண்டு வந்தேன்.

இன்னொரு நாள் பயன்படுத்தவில்லை. துறையில் பெரியவர் ஒருவர் என் கவிதைகளைப் பாராட்டிப் பேசிக்கொண்டே தோளில் கை வைத்தார். புடவை மடிப்பைப் பிடித்திருந்த ஊக்கின் மேலேயே அந்தக் கை அழுந்தியது. ஊக்கு திறந்து என் தோளில் ஏறியது. நான் முகம் சுளிக்கவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை அப்படியே நின்றேன். கீழே வந்து பார்த்தபோது ரவிக்கையில் பொட்டளவு ரத்தம். அம்மாவிடம் சொல்லவில்லை. ஊக்கு கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தது என் பட்டம், என் வேலை, அவரை அப்பா என்று அழைத்த என் வாய்.

கைப்பையிலும் மடியிலும் நாம் மறைத்துக்கொண்டு நடப்பதில் ஆயுதம் சிறு பகுதிதான். அதைவிடக் கனமாக மறைத்து வைப்பது நடந்ததை. இருபது வருடம் அதை வெளியே தெரியாமல் வைத்திருந்தேன். ஆனால் அது உறுத்தாத நாள் இல்லை.

ஆயுதம் போதும் என்று இன்னும் நினைப்பவர்கள் விழுப்புரம் நீதிமன்றத்தில் நடந்த வழக்கை நினைத்துப் பார்க்கலாம். 2021 பிப்ரவரியில், முதலமைச்சர் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியின்போது ஒரு சிறப்பு டி.ஜி.பி. காரில் தன்னிடம் தகாத முறையில் நடந்ததாகப் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர் புகார் சொன்னார். ஆயுதப் பயிற்சி பெற்றவர், ஆயுதப் படையைக் கட்டளையிடும் பதவியில் இருந்தவர். அவருக்கே துப்பாக்கி உதவவில்லை. உதவக்கூடியது எழுதிய புகார் ஒன்றுதான். அது எதிர்த்தரப்புக்கும் தெரிந்திருந்தது. புகார் கொடுக்கச் சென்னை போகும் வழியில், செங்கல்பட்டை அடுத்த பரனூர் சுங்கச்சாவடியில் அவருடைய வண்டியைப் போலீசாரே மறித்தார்கள். ஒரு தாள் சென்னைக்குப் போய்ச் சேராமல் இருக்க அத்தனை பேர் சாலையில் நிற்க வேண்டியிருந்தது. 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் அந்த டி.ஜி.பி.க்கு 3 ஆண்டுச் சிறை விதித்தது. வழியில் மறித்ததற்காக இன்னொரு அதிகாரிக்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் விழுப்புரம் முதன்மை அமர்வு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. மேல்முறையீடுகள் அதற்குப் பிறகும் தொடர்ந்தன. அந்தப் பெண்ணின் தாள் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

இதையெல்லாம் யோசித்தபின் மறுவாரம் அந்த மாணவியைக் கூப்பிட்டேன். துப்பாக்கி பற்றி எதுவும் பேசவில்லை. "யாருக்காகக் கேட்ட?" என்று மட்டும் கேட்டேன். அவள் கரும்புத் தோட்டத்தைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பெரியப்பா முறை ஆகும் ஒருவரைச் சொன்னாள். பஸ் இறங்கும் நேரத்துக்குச் சரியாக வண்டியோடு வந்து நிற்பார். "இருட்டுல தனியா வராதம்மா" என்று ஏற்றிக்கொள்வார். வீட்டுக்கும் அவர்மேல் நம்பிக்கை. அவளுடைய பாதுகாப்புக்கு என்று வீடு ஏற்பாடு செய்திருந்த ஆள் அவர்தான்.

அன்று என் அறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதினாள். முதல் தாளில் பெரியப்பா என்று இருந்தது. இரண்டாவது தாளில் பெயர் வந்தது. மூன்றாவதில் தேதிகள் வந்தன. தமிழ்ப் பாடத்தில் அவள் கட்டுரை எழுதுவதில் கெட்டிக்காரி இல்லை. இந்த மூன்று பக்கங்களில் ஒரு சொல்கூட மிகையாக இல்லை. அம்மாவிடம் முதலில் படித்துக் காட்டப் போகிறேன், அப்புறம்தான் மகளிர் காவல் நிலையம் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. எப்போது போனாலும் கூட வருவேன் என்று மட்டும் சொன்னேன். காகிதத்தை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து அவளும் அவளுடைய அம்மாவும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மூவருமாகப் போனோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன், அவளுடைய சம்மதத்தோடு.

என் புடவையில் இன்றும் ஒரு ஊக்கு கூடுதலாக இருக்கிறது. அவளுடைய பையிலும் ஒன்று இருப்பதை அன்று பார்த்தேன். அதை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.